வீட்டோடு மலையேறி வருகிறவர்களுக்கு

வேனிலும் கேரவனிலும் பீர்மேட்டுக்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



கம்பம் பள்ளத்தாக்கில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதையில் உங்கள் வண்டிகள் வரிசை கட்டும். தேனி, மதுரை, திண்டுக்கல்லிலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் வந்து சேர்கிறவர்கள் இருப்பீர்கள். சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் ஓடி வருகிறவர்களும் இருப்பீர்கள். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த மடலைப் படித்துவிடுங்கள். உங்களிடம் நான் கேட்கப்போவது அந்த முன்பணம் கைமாறும் நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு காரியம்.

நான் பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். நீங்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டையொட்டி இங்கே தோட்டங்கள் சில மூடிக் கிடந்தபோது, கொழுந்து எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் சம்பளமும் இல்லாமல், சேர வேண்டிய பாக்கியும் இல்லாமல் தவித்தன. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று ஜீப் ஓட்டுகிறார்கள், டீக்கடை வைத்திருக்கிறார்கள், தங்கும் விடுதிகளில் வேலை பார்க்கிறார்கள். நீங்கள் வந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் வராதீர்கள் என்று சொல்ல எங்களில் எவருக்கும் மனம் வராது. எப்படி வருகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சில வருடங்களாக நீங்கள் வரும் விதம் மாறியிருக்கிறது. 2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. அடுத்த பிப்ரவரியிலேயே மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா எங்கள் தாலுகாவில், வாகமண்ணில் திறந்தது. குறைந்தது ஐம்பது சென்ட் நிலம், ஐந்து வண்டிகளாவது நிற்க இடம், தண்ணீர், மின்சாரம், கழிவுக்கு வழி என்று அந்தக் கொள்கை ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, படுக்கை போட்ட டெம்போ டிராவலர்களும், பின்னால் கேஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வேன்களும், தலையில் கூடாரம் கட்டிய ஜீப்புகளும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பூங்காவுக்கும் போவதில்லை. பருந்தும்பாறைக்குப் போகும் வழியில், குட்டிக்கானம் வளைவில், வாகமண் மொட்டைக்குன்றின் ஓரத்தில், எங்கள் லயத்து வாசலில், எங்கே கொஞ்சம் சமதளம் தெரிகிறதோ அங்கே நின்றுவிடுகின்றன.

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். அப்படியானால் வீட்டுக்குரிய பொறுப்பும் கூடவே ஏறி வர வேண்டும். உங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டியைப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் நீங்கள் திறந்துவிட மாட்டீர்கள். உங்கள் வீட்டு வேலையாளைத் தூங்கவிடாமல் வேலை வாங்க மாட்டீர்கள். முன்பின் தெரியாதவர் வாசலில் பாய் விரித்துப் படுக்க மாட்டீர்கள். இந்த மூன்றும்தான் இங்கே ஒவ்வொரு கோடையிலும் நடக்கின்றன. நீங்கள் கெட்டவர்கள் என்பதால் நடப்பதாக நான் நினைக்கவில்லை. யாரும் உங்களிடம் நேராகச் சொல்லாததால் நடக்கிறது. ஆகவே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். பீர்மேட்டில் மழைக்குப் பஞ்சமில்லை என்றுதான் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடி மாதத்தில் அது உண்மை. நீங்கள் வரும் பங்குனி, சித்திரையில் ஊற்றுகள் விரல் தடிமனுக்கு வடியும் காலம். மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் போட்டு லயத்துக்குத் தண்ணீர் இறக்குகிறோம். ஒரு லயத்தில் வரிசையாக ஆறு, எட்டு வீடுகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். வேலைக்கு ஆஜர் எடுக்கும் மஸ்டருக்குப் போகும் முன்னால் பெண்கள் அங்கே குடத்தை வரிசையில் வைப்பார்கள். அந்த ஊற்றுக்கு மேலே உள்ள சாலையோரத்தில் இரவு நின்ற வண்டி விடியும் முன் கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டுப் போய்விட்டால், காலையில் குழாயில் சோப்பு நுரையும் எச்சில் சோறும் வரும். சில நாள் அதைவிட மோசமானதும் வரும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தத் தண்ணீர் யாருக்கோ உரியது என்றும் நினைத்துவிடாதீர்கள். முல்லைப்பெரியாறு அணை நிற்பது எங்கள் பீர்மேடு தாலுகாவில். 1895 முதல் இந்த மலைகளின் மழை சுரங்கம் வழியாக உங்கள் பக்கம் இறங்கி, தேனியையும் மதுரையையும் தாண்டி ராமநாதபுரம் வரை வயலை நனைக்கிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு ஊரைத் தொட்டு ஓடும் ஆறு, வழியெல்லாம் கரையோர ஊர்களுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு இடுக்கி அணைக்குப் போகிறது. சபரிமலைக்கு மாலை போட்டு எருமேலி வழியாக நடந்து வரும்போது நீங்கள் மூழ்கிக் கல்லெடுக்கும் அழுதா நதி பீர்மேட்டு மலைகளில் உற்பத்தியாகிறது. கார்த்திகையில் சாமி சரணம் என்று கும்பிட்டு இறங்கும் ஆற்றின் தலைமாட்டில், சித்திரையில் வந்து கழிவைத் திறந்துவிடலாமா?

குப்பையும் இதோடு சேர்ந்ததுதான். ஹரித கர்ம சேனைப் பெண்கள் பச்சைச் சீருடையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிளாஸ்டிக்கைப் பிரித்து வாங்கிப் போகிறார்கள். சாலைக்குக் கீழே சரிவில் நீங்கள் வீசிய பையை எடுக்க அவர்களால் கயிறு கட்டி இறங்க முடியாது. அது தேயிலைச் செடிக்கு நடுவே போய் விழுகிறது. கொழுந்து எடுக்கும் அக்காமார் இரண்டு கைகளையும் செடிக்குள் விட்டுத்தான் வேலை செய்வார்கள். அந்தக் கையில் உடைந்த பாட்டில் குத்தியதையும், குழந்தைகளின் பழைய டயப்பர் சிக்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். கிழிந்த கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர்கள் மறுபடி நிரைக்குத் திரும்புவார்கள். நிறுத்தினால் எடை குறையும், எடை குறைந்தால் கூலி குறையும். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், வாகமண், தேக்கடி போன்ற மலைச் சுற்றுலா இடங்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அக்டோபர் 2 முதல் விலக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு வந்த பிறகும் செடிக்கடியில் பாட்டில் கிடக்கிறது.

இரண்டாவது, உங்கள் டிரைவர். வண்டிக்குள் எல்லாருக்கும் படுக்கை உண்டு. அந்த மனிதருக்கு மட்டும் இருப்பதில்லை. இரவு பத்து மணிக்கு ஊரில் கிளம்பி, விடியலில் குமுளி செக்போஸ்ட் தாண்டி, தேக்கடி, பாஞ்சாலிமேடு, பருந்தும்பாறை என்று நாள் முழுக்க உங்களைச் சுற்றிக்காட்டிவிட்டு, அன்று மாலையே வாகமண்ணோ குமரகமோ போக வேண்டும் என்று நீங்கள் திட்டம் போடுகிறீர்கள். நீங்கள் இறங்கிப் படம் எடுக்கும் அரை மணி நேரத்தில் அவர் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கண் அயர்கிறார். அதுதான் அவருக்குக் கிடைத்த தூக்கம். மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-இலேயே சட்டம் எழுதினார்கள். உங்கள் பயணத் திட்டத்தை எடுத்து அந்த மணிக்கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும் பாதையைப் பற்றி எங்கள் டிரைவர்கள் பயபக்தியோடுதான் பேசுவார்கள். வளைவுக்கு மேல் வளைவாக, விடாத இறக்கம். ஏறுவதற்கு என்ன கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது இங்கே பிள்ளைகள் லைசென்ஸ் எடுக்கும் முன்பே கேட்கிற பாடம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர், தூக்கக் கலக்கத்தில், மேல் கியரில் விட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வருவார். வண்டியோ சாதாரண வேன் கிடையாது. தொட்டியில் நிற்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ. கட்டில், அடுப்பு, சிலிண்டர், ஏசி எல்லாம் மேலே ஏற, வண்டி உயர்ந்து, வளைவில் ஒரு பக்கம் சாயும். பாதி இறக்கத்திலேயே பிரேக் லைனிங் சூடேறிக் கருகல் வாடை வரும். அந்த வாடைக்குப் பிறகும் இறங்கினால், மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. வலஞ்ஞங்கானம் அருவி ஓரத்தில் சக்கரத்திலிருந்து புகை வர நிற்கும் வண்டிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். யாராவது அவசரத்தில் அருவித் தண்ணீரை மொண்டு சக்கரத்தில் ஊற்றப் போவார்கள். கொதிக்கிற பிரேக் டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும், தொடாதீர்கள், தானே ஆறட்டும் என்று கடைக்காரர்கள்தான் ஓடிவந்து தடுப்பார்கள்.

2022 டிசம்பரில், சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில், தஞ்சாவூர் போய்விட்டு மாவேலிக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பேருந்து குட்டிக்கானத்துக்குக் கீழே புல்லுப்பாறையில் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். உங்கள் பக்கத்தவர் இங்கே, இந்தப் பக்கத்தவர் அங்கே போய்வரும்போது நடந்தவை இவை. மலைக்கு மாநிலம் தெரியாது. ஒவ்வொரு முறையும் இருட்டில் டார்ச்சும் கயிறும் எடுத்துக்கொண்டு முதலில் சரிவில் இறங்குகிறவர்கள் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள்தான். இனி ஒருமுறை அப்படி இறங்கும் நிலையை எங்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

மூன்றாவது, நீங்கள் இரவு நிற்கும் இடம். லயத்துக்கு முன்னால் இருக்கும் அந்தக் கீற்று இடம்தான் எங்களுக்குத் திண்ணை, முற்றம், பிள்ளைகள் விளையாடும் மைதானம், கல்யாணப் பந்தல், சாவு வீட்டுக்கு நாற்காலி போடும் இடம். ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஐந்தாறு பேர் வாழும்போது, வாழ்க்கையின் பாதி வெளியில்தான் நடக்கும். அங்கே வண்டியை நிறுத்திப் பாட்டுப் போட்டு, ஜெனரேட்டரை ஓடவிட்டு, காலையில் குளித்துத் தலை துவட்டும் பெண்ணையும் கூடையோடு போகும் பாட்டியையும் கேட்காமல் படம் எடுக்கிறீர்கள். விடியலில் வேலைக்கு எழ வேண்டியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்க முடியாமல் புரள்கிறார்கள். வந்தவர்களிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று அவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புல்மேட்டில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாதங்களில் வாகமண் குன்றுகளின் புல் காய்ந்து சருகாக நிற்கும். அங்கே காற்றுக்கு அடுப்பு அடங்காது. ஒரு பொறி போதும், ஒரு குன்று கருகிவிடும். சக்கரம் ஏறிய தடத்தில் புல் எழும்பாது. ஆனி மழை அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கி மண்ணை அறுத்துப்போகும். 2021 அக்டோபரில் கொக்கையாறில் மலைச்சரிவு வீடுகளை மூடியதைக் கண்ட தாலுகா இது. மண் நகர்ந்தால் எங்களுக்கு நெஞ்சு நடுங்கும். பீர்மேட்டைச் சுற்றி இரவில் யானை இறங்குவதும் இப்போது புதிதில்லை. ஒதுக்குப்புறத்தில் அரிசியும் பழமும் வாசம் வீச, விளக்கெரிய நிற்கும் வண்டி உங்கள் பிள்ளைகளுக்கே ஆபத்து.

உங்களில் பலருக்கு அமெரிக்காவில் பிள்ளைகளோ தம்பி தங்கைகளோ இருக்கிறார்கள். அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோவின் பாலைநிலங்களில் வசந்த காலத்தில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டி எடுத்துச் சுற்றி, பூத்த கள்ளிக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்பியிருப்பார்கள். இங்கே கேரவன் ஆசை வந்ததில் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு. அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அந்த வண்டிகளில் சமையல், குளியல் தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு வேறொரு தொட்டி. இரண்டையும் அதற்கென்று கட்டிய நிலையத்தில் குழாய் பொருத்தித்தான் காலி செய்வார்கள். அரசு நிலத்தில் வெட்டவெளியில் தங்க அனுமதி உள்ள இடங்களிலும் பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க முடியாது. யூட்டாவில் பாலை மண்ணின் மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து கட்டிய கறுத்த பொருக்கு ஒன்று உண்டு. காலடி பட்டால் நொறுங்கும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை மிதிக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் பூங்காவுக்குள் விடுகிறார்கள். ஆளில்லாத பாலைவனத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் இந்த மலைக்கு அதில் பாதியாவது கொடுக்கக் கூடாதா?

எங்கள் மனசில் நெடுநாளாக இருக்கும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அந்தத் தமிழர்களை விட்டுவிட்டோமே என்று உங்கள் ஊர் மேடைகளில் இன்றும் உருகிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அந்த உருக்கம் வண்டியில் ஏறியதும் எங்கே போகிறது? டி.என். நம்பர் போட்ட ஒரு வண்டி ஓடையில் கழிவைத் திறந்துவிட்டுப் போனால், மறுநாள் பஞ்சாயத்திலும் சாயாக்கடையிலும் பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து, உங்க ஆளுங்கதானே என்கிறார். அவரும் நாங்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. கே.எல். வண்டிக்காரர்களும் இதையே செய்வதுண்டு. அவர்களுக்கும் இதே வார்த்தைகள் பொருந்தும். ஆனால் உங்களுக்காகத் தலை குனிவது நாங்கள். உறவு என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

உங்களால் முடியாத எதையும் நான் கேட்கவில்லை. சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருகிறீர்களே, அன்றைக்கு நீங்கள் நடந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், வருடத்தில் ஒரே நாள் திறக்கும் வழி. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து விதி போடுகின்றன. சோதித்து அனுமதித்த ஜீப்புகள் மட்டுமே ஏறுகின்றன. பிளாஸ்டிக்கை அடிவாரத்திலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் வரும் நீங்கள் முணுமுணுக்காமல் கேட்டு நடந்து, பொழுது சாயும் முன் இறங்கிவிடுகிறீர்கள். அந்த ஒரு நாளில் முடிவது மற்ற நாளில் முடியாதா? நாமாகச் செய்யாவிட்டால் நீதிமன்றம் செய்யவைக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. இங்கேயும் அப்படி ஒரு கேட் விழுந்தால் முதலில் பட்டினி கிடக்கப்போவது எங்கள் ஜீப்காரரும் டீக்கடைக்காரரும்.

ஆகவே என் கோரிக்கை இது. வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, தொட்டியை எங்கே காலி செய்வீர்கள்? இரண்டு, டிரைவர் எங்கே, எத்தனை மணி நேரம் தூங்குவார்? மூன்று, இரவு எந்த இடத்தில், யாருடைய அனுமதியோடு நிற்போம்? மூன்றுக்கும் இடத்தின் பெயரோடு, நேரத்தோடு பதில் வர வேண்டும். போகிற வழியில் பார்த்துக்கலாம் சார் என்று சொன்னால், அந்த வண்டியை எடுக்காதீர்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இதே மூன்றையும் கிளம்பும் முன் தங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் பணம் கொடுப்பவர் நீங்கள். எங்கள் பஞ்சாயத்து போடும் அபராதம் ஒரு வண்டியை ஒரு நாள் தடுக்கும். நீங்கள் கேட்கும் கேள்வி, அந்த வண்டிக்காரர் தொழில் செய்யும் முறையையே மாற்றும். பத்துக் குடும்பம் கேட்டால் அவர் டிரைவருக்கு அறை போடுவார். நூறு குடும்பம் கேட்டால் தொட்டி காலி செய்ய முறையான ஏற்பாடு உள்ள இடத்தோடு ஒப்பந்தம் போடுவார். அந்த ஏற்பாடு இல்லாத இடங்களிலும் அதற்குப் பிறகு தானாக வரும்.

வந்த பிறகு, ஒரு நாளில் ஐந்து இடம் ஓடாமல் ஓர் இடத்தில் இரண்டு நாள் இருங்கள். அரிசி பருப்பிலிருந்து எல்லாவற்றையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு வராமல், ஒரு வேளையாவது எங்கள் கடையில் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடுங்கள். ஏலமும் மிளகும் தேயிலையும் இங்கேயே வாங்குங்கள். குப்பையை மூட்டை கட்டி உங்கள் ஊருக்கே எடுத்துப் போங்கள். இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து, கியரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கோடைக்கு வண்டி பேசப் போகும் உங்கள் அண்ணன் தம்பிகளிடமும் அலுவலக நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள். அந்த மூன்று கேள்விகளையும் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்; லயத்துப் பிள்ளைகளும் நாங்களும் உங்களுக்கு வழி காட்டுகிறோம்.

அன்புடன்,
பீர்மேட்டிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன்